காரம் ஊற்றிய கை

மழை ஓய்ந்த பின்னும் வெளுக்காத வானம், துக்கம் விசாரிக்க வந்தவர்போல் பேச்சற்று ஆய்வகச் சன்னல்களில் கவிந்திருந்தது.

அமிலத்தைக் காரம் அடக்கிவிடும் என்று காலையில் பாடம் நடத்திய ஆசிரியை, தோலில் பட்டால் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்பதைச் சொல்ல மறந்திருந்தார். பிற்பகலில் ஒரு மாணவியின் கையில் அமிலம் தெறித்தது. பதறிய தோழி காரக் கரைசலை எடுத்து ஊற்றினாள். கை இன்னும் வெந்துபோனது.

"பெரிய டாக்டரம்மாவா நீ?" என்று தலைமையாசிரியர் தோழியிடம் சீறினார்.

"டீச்சர்தான் சார் அடக்கிடும்னு சொன்னாங்க..."

வேலை போய்விடுமென்று அஞ்சிய ஆசிரியை தரையைப் பார்த்தார். தோழியைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள்.

மறுநாள், காலியாகக் கிடந்த அவளுடைய முக்காலியின்முன் ஆசிரியை கைகூப்பினார். அன்றாடம் பாடும் துதியை முதலடியிலேயே நிறுத்தினார்.

"எங்க இருந்தாலும் நல்லா இரும்மா."