மூன்றாவது வளைவுக்கு அந்தப் பக்கம்

முப்பத்திரண்டு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன் நான். மொத்தம் இருபத்தாறு வளைவு. பதினான்காவது எவ்வளவு குறுகல் என்றால், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது என் பஸ்ஸின் பின்பக்க நம்பரை நானே படித்துவிடுவேன். ஒருமுறை ஜன்னல் வழியாக ஒரு மேகம் ஏறிக்கொண்டது. கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார். நான் பொய் சொல்வதில்லை.

என் மனைவிதான் எதையும் பார்த்ததில்லை. மூன்றாவது வளைவு வந்தால் அவளுக்கு வாந்தி வந்துவிடும். ஆறு முறை கிளம்பி, ஆறு முறையும் எதிரே வந்த பஸ்ஸில் திரும்பியவள்.

"இந்த ஞாயித்துக்கிழமை போயே ஆகணும். அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு என் கண்ணால பாக்கணும்" என்றாள்.

கார் மாப்பிள்ளையுடையது, ஓட்டுவது நான். பல் டாக்டர். இரண்டு மணிக்கு அவர் கிளினிக்கில் இருக்க வேண்டும்.

"நிக்காம ஏறினா ஒன்றரை மணி நேரம் மாமா. உச்சியப் பாத்துட்டு இறங்கிடலாம்."

நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கால அட்டவணை எழுதி நீட்டினேன். புறப்பாடு ஏழு மணி. முப்பத்தொரு நிறுத்தம், தலா இரண்டு நிமிடம்.

"மாமா, இது கார். யாரு ஏறப் போறாங்க?"

"நிறுத்தம்னா நிக்கணும் மாப்ள. இல்லேன்னா என் கால் கேக்காது."

"கல்யாணத்தன்னிக்கே வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னுட்டுதான் உள்ள வந்தார், வேற யாராவது ஏறுறாங்களான்னு" என்றாள் மனைவி.

ஞாயிறு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றேன். ஒவ்வொன்றிலும் அவள் இறங்கி, காற்று வாங்கி, கண்ணில் பட்ட கன்றுக்குட்டியை விசாரித்துவிட்டு ஏறினாள். மூன்றாவது வளைவில் மாப்பிள்ளை பிளாஸ்டிக் கவரை விரித்து அவள் மோவாய்க்குக் கீழே பிடித்தார்.

"அதை மடிச்சு வைங்க மாப்ள, மறைக்குது" என்றாள்.

வளைவு முடிந்தது. படிக்கட்டுபோல் முட்டைக்கோஸ் வயல், நடுவில் ஓடை, ஓட்டு வீடுகள், புகை. அவள் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினாள்.

"இவ்வளவையும் எங்கிட்ட மறைச்சு வெச்சிருந்தீங்களா?"

ஏழாவது நிறுத்தத்தில் ஒரு விவசாயி காலிஃபிளவர் மூட்டையோடு பின்சீட்டில் ஏறி, மாப்பிள்ளையைத் தள்ளி உட்காரச் சொன்னார். இரண்டு நிறுத்தம் தள்ளி விசிலடித்து இறங்கிக்கொண்டார். என் இரண்டு நிமிடங்கள் அவள் கையில் இருபதாகிவிட்டன. பதினோரு மணிக்கு ஒன்பதாவது வளைவில்தான் இருந்தோம்.

"உச்சிக்கு இன்னும் பதினேழு வளைவு" என்றேன்.

"உச்சி எங்கயும் ஓடிடாது. ஓரம் கட்டுங்க."

பாறைமேல் துணி விரித்து ரொட்டியைப் பிரித்தாள். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார், பள்ளத்தாக்கைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"சரி அத்தை. மிச்சத்தை அடுத்த ஞாயிறு இங்கேர்ந்து ஆரம்பிச்சுக்கலாம்."

"அப்போ காரை இங்கயே விட்டுட்டுப் போயிடலாமா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாப்பிள்ளை மெல்ல எழுந்து, வண்டிச் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.