யாரிடம் இருக்கிறது

பெரம்பலூரில் இரண்டு நாள் கணினிப் பயிற்சி என்று கடிதம் வந்ததும் மலர்க்கொடி முதலில் செய்த காரியம், கடைக்குப் போய் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டதுதான். ஓய்வு பெற நாலு வருடம் இருந்தது. வெள்ளாற்றுப் பக்கத்துக் கிளை நூலகத்தில் இருபத்தாறு வருடமாக நூலகர். இப்போதெல்லாம் வருகைப் பதிவேட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கையெழுத்து விழுந்தாலே அதிகம். அதிலும் நாலு பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள்.

பயிற்சி கொடுத்த கலையரசன் ஒரு கல்லூரி நூலகர். நாற்பதைத் தாண்டியவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"மேடம், மவுசை அவ்வளவு அழுத்திப் புடிக்காதீங்க. அது எங்கயும் ஓடிடாது."

"ஓடிடும்னுதான் சார் பயமா இருக்கு."

கூடம் சிரித்தது. மலர்க்கொடியும் சிரித்தாள். ஆனால் இரண்டாம் நாள் மத்தியானம், தான் கட்டம் போட்டு எழுதிய பட்டியல் பக்கத்து மேசைக்காரரின் செல்போனில் அப்படியே விரிவதைப் பார்த்தபோது அவளுக்குள் ஏதோ துள்ளியது. முதல் மாதம் சம்பளம் வாங்கிய அன்று, கீழப்பழுவூர் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது இருந்த துள்ளல் அது. இத்தனை வருடம் எங்கே போயிருந்தது என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

"இனிமே வாசகர் உங்களத் தேடி வரணும்னு உக்காந்திருக்காதீங்க. நீங்க அவங்களத் தேடிப் போங்க," என்று கலையரசன் முடித்தார். அதை அவள் நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள்.

திரும்பி வந்ததும் வாட்ஸ்அப்பில் வாசகர் குழு ஒன்று தொடங்கினாள். உறுப்பினர் படிவங்களில் இருந்த எண்களைத் தேடித் தேடிச் சேர்த்தாள். அக்கம்பக்கத்து லப்பைக்குடிகாட்டு வீடுகளில் பாதிப் பேர் வெளிநாட்டில். அவர்களையும் யாரோ சேர்த்துவிட்டார்கள். நூலகத்தின் படத்தைப் போட்ட அன்று ஷார்ஜாவிலிருந்து நஜீமுதீன் என்பவர் குரல் பதிவு அனுப்பினார்.

"மேடம், அந்த ஜன்னலோரம் பெஞ்சு இன்னும் இருக்கா? தொண்ணூத்தெட்டுல அதுல உக்காந்துதான் பேப்பர்ல விசா விளம்பரம் பாப்பேன். நீங்க புதுசா வந்திருந்தீங்க. பேப்பரக் கிழிக்காதீங்கன்னு ஒருநா சத்தம் போட்டீங்க. கிழிச்சுட்டேன் மேடம். அந்தத் துண்டுலதான் இங்க வந்து சேந்தேன்."

மூன்று தடவை அதைக் கேட்டாள். அந்தக் காலத்தில் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் பத்து சைக்கிள் நிற்கும். ஒரே நாளிதழை நாலு தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். தொடர்கதை வரும் நாளில் கல்யாணமாகாத பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்து, ஒருத்தி படிக்க இன்னொருத்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். வேறொரு பழக்கமும் இருந்தது. படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு பெண்ணும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தின் ஓரத்தில் தனக்கென்று ஓர் அடையாளம் வைப்பாள். ஒருத்திக்குப் பூ, ஒருத்திக்கு மூன்று புள்ளி. புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று பலகையே மாட்டியிருந்தது. ஆனாலும் மலர்க்கொடி அந்த அடையாளங்களைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

குல்சுமின் அடையாளம் முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு சின்னப் பிறை. பத்தொன்பது வயதில் மாமியார் அனுமதியோடு முதன்முதலாக வந்தாள். கல்யாணமாகி நாற்பது நாளில் கணவர் அப்துல் சலாம் சவூதியின் தம்மாமுக்குத் திரும்பியிருந்தார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம், வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை என்பதால், வியாழக்கிழமை தவறாமல் வருவாள். நாவல்கள், பயணக் கட்டுரைகள், சமையல். புர்காவின் முகத்திரையை ஏற்றிவிட்டு, ஜன்னலோரப் பெஞ்சில் அரை மணி உட்கார்ந்து, "வரேன்க்கா" என்று கிளம்பிவிடுவாள். அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு. போன ஆறு மாதத்தில் மட்டும் ஒரு மனநல மருத்துவர் மனச்சோர்வு பற்றி எழுதிய மஞ்சள் அட்டைப் புத்தகத்தை மூன்று தடவை எடுத்திருந்தாள். மலர்க்கொடி எதுவும் கேட்கவில்லை. தேதியைக் குத்திக் கொடுத்தாள்.

கேட்காமலிருப்பது அங்கே சுலபம். புத்தகத்துக்குள் இருக்கும் அட்டையை எடுத்து, வாசகரின் பெயர் எழுதிய காகிதப் பையில் செருகி, மரத்தட்டில் நிறுத்த வேண்டும். புத்தகம் திரும்பி வந்தால் அட்டை புத்தகத்துக்குள் போய்விடும், பை வாசகர் கைக்குப் போய்விடும். யார் எதைப் படித்தார் என்பதற்கு அப்புறம் சாட்சியே இல்லை. அந்தத் தட்டுக்கு இன்றைக்கு மட்டும்தான் தெரியும்.

தட்டில் அன்றைக்கு நின்ற நூற்று முப்பத்தேழு பைகளையும் மலர்க்கொடி ஒரு வாரம் உட்கார்ந்து கணினியில் ஏற்றினாள். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், திரும்ப வேண்டிய தேதி. நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: யாரிடம் இருக்கிறது. வாசகர்கள் எப்போதும் கேட்கிற கேள்வி அது. "மேடம், அந்தப் புக்கு யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டால், "வந்ததும் சொல்றேன்" என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லியிருக்கிறாள். சொல்ல முடியாததால் அப்படிச் சொன்னதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். இப்போது எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு திங்கட்கிழமை காலையில் இணைப்பைக் குழுவில் போட்டாள்.

கைதட்டும் படங்கள் வரிசையாக விழுந்தன. மாவட்ட அலுவலகத்திலிருந்தும் ஒரு பூங்கொத்து. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் எறையூர் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்து செல்போனைத் திறந்தபோது, குவைத்திலிருந்து இஃப்பத் எழுதியிருந்ததைப் பார்த்தாள். இஃப்பத், குல்சுமின் நாத்தனார். பட்டியலில் குல்சும் பெயர் இருந்த ஒரு வரியை மட்டும் படமெடுத்துப் போட்டு, கீழே எழுதியிருந்தாள்:

"எங்க மச்சிக்கு மனச்சோர்வாம். நாலு ரூமுக்கும் ஏசி போட்டுக் குடுத்தோமே, அதுல வந்துச்சா?"

அதன் கீழே ஏழெட்டு மஞ்சள் முகங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தன.

மலர்க்கொடி பஸ்ஸிலிருந்தே கலையரசனுக்குப் போன் செய்தாள்.

"அந்தக் கட்டத்த உடனே எடுத்துடலாம் மேடம், சொல்றேன், ஒண்ணொண்ணா அழுத்துங்க," என்றார். எடுத்து முடித்ததும் சொன்னார்: "ஆனா பாத்தவங்க பாத்ததுதான். படம் எடுத்தவங்ககிட்ட இருக்கும். பேரு போடக் கூடாதுன்னு நான் சொல்லித் தந்திருக்கணும். உங்களுக்குத் தெரியாதாங்கற நெனப்புல விட்டுட்டேன்."

'தெரியும் சார்' என்று சொல்ல வாய் வரை வந்தது. கைக்குத் தெரிந்திருந்தது, தலைக்குத் தெரியாமல் போய்விட்டது. அதை எப்படிச் சொல்வது?

அந்த வியாழக்கிழமை குல்சும் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. பெஞ்சில் யாரோ ஒருவர் கால் நீட்டித் தூங்கினார். மலர்க்கொடிக்கு அவரை எழுப்பத் தோன்றியது, எதற்கு என்று உட்கார்ந்துவிட்டாள். செல்போனில் பேசலாம். ஆனால் பேசினால் அந்தப் பக்கம் யார் கேட்டுக்கொண்டிருப்பார்களோ. வெள்ளிக்கிழமை விடுமுறையில் லப்பைக்குடிகாட்டுக்குப் பஸ் ஏறினாள். அந்தப் பயிற்சி வகுப்பின் வாசகம் வழி நெடுக அவளைக் குத்திக்கொண்டே வந்தது. தேடிப் போங்க. போகிறாள்.

ஜும்மா தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்தது. குல்சும்தான் கதவைத் திறந்தாள். ஒரு கணம் நின்று, பிறகு, "வாங்க. மாமி தூங்குறாங்க, மெதுவா பேசுங்க," என்று அடுப்படிக்கு அழைத்துப் போனாள். ஸ்டூலைப் போட்டாள். டீ போடப் பாலை அடுப்பில் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா," என்றாள் மலர்க்கொடி.

"ம்."

"வேணும்னு செய்யல."

"அது தெரியும்க்கா. வேணும்னு செஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பேன், லேசா இருந்திருக்கும்." பால் பொங்கியது. அணைத்தாள். "அவுங்க தம்மாம்லேருந்து போன் பண்ணாங்க. ஊர் சிரிக்குது, இனிமே லைப்ரரிக்குப் போவாதேன்னாங்க. மாமி எல்லார்கிட்டயும், நான் பக்கத்து வூட்டுப் புள்ளைக்கு எடுத்துக் குடுத்தேன்னு சொல்லிட்டு இருக்காங்க. அந்தப் புள்ள அம்மா வந்து கேட்டுட்டுப் போவுது, எம்மவளுக்கு என்னடி கொறன்னு."

சொல்லிவிட்டு குல்சுமே லேசாகச் சிரித்தாள். மலர்க்கொடிக்குச் சிரிக்க முடியவில்லை.

"உனக்கு... இப்ப எப்படிம்மா இருக்கு?"

குல்சும் டம்ளரை நீட்டினாள். "பாத்தீங்களா, நீங்களும் கேக்குறீங்க. இருவத்தஞ்சு வருசமா கேக்காத ஒரே ஆளு நீங்கதான். அதுக்குத்தான் அங்க வருவேன்."

அந்த வார்த்தை மலர்க்கொடிக்குள் எங்கேயோ ஆழத்தில் போய் விழுந்தது. வெறும் பழக்கம் என்று நினைத்து எதைக் கைவிட்டாளோ, அதுதான் தன் வேலை. கதவைத் திறந்து வைப்பது, தேதி குத்துவது, கேட்காமலிருப்பது.

குல்சும் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து செய்தித்தாளில் சுற்றிய புத்தகத்தை எடுத்து வந்தாள். "இதக் கொண்டு போயிடுங்க. கார்டையும் கேன்சல் பண்ணிடுங்க. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நான் அத எடுக்கலன்னு குழுவுல போட்டுடுங்க. கம்ப்யூட்டர் தப்புன்னு போடுங்க."

பஸ்ஸில் புத்தகம் மடியில் கனத்தது. கம்ப்யூட்டர் தப்பு என்று போட்டால், அப்படியென்றால் யார் என்று கேட்பார்கள். தேடுவார்கள். அடுத்து அந்தப் பக்கத்து வீட்டுப் பெண், அதற்கடுத்து இன்னொருத்தி. ஆத்தூர் போகும் லாரி ஒன்று கரும்பு ஏற்றிக்கொண்டு முன்னால் போனது, பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. வீடு வந்து சேருவதற்குள் அவள் எழுதி முடித்திருந்தாள்.

"வாசகர்களுக்கு வணக்கம். நான் வெளியிட்ட பட்டியலில் ஒரு வரி தவறு. மனச்சோர்வு பற்றிய அந்தப் புத்தகத்தை எடுத்திருப்பது நான்தான். படித்துக்கொண்டிருக்கிறேன். பெயரை மாற்றிப் பதிந்தது என் பிழை. பெயர் போட்டதே பிழை. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று இனி இந்த நூலகம் யாருக்கும் சொல்லாது. என்னிடம் கேட்டாலும் சொல்ல மாட்டேன். மலர்க்கொடி, நூலகர்."

அனுப்பிவிட்டு செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். அரை மணியில் அலுவலகத்திலிருந்து ஒரு தோழி, "என்னடி, ரிட்டையர்மென்ட் கவலையா?" என்றாள். மறுநாள் காலை இன்னொருவர் தியானம் செய்யச் சொல்லி நாலு வீடியோ அனுப்பினார். அவளுடைய சின்ன நாத்தனார் அரியலூரிலிருந்து கூப்பிட்டு, "அண்ணன் எதுனா திட்டுச்சா அண்ணி?" என்று குசுகுசுத்தாள். எல்லோருக்கும் ஒரே பதில்: "சும்மா படிக்கிறேன்." சொல்லச் சொல்ல முகம் சுட்டது. குல்சுமுக்கு இரண்டு வாரமாக எப்படிச் சுட்டிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது என்று அன்று ராத்திரி புத்தகத்தைத் திறந்தாள். இரண்டாவது அத்தியாயத்தில், காரணமில்லாமல் பிடித்த வேலைகள் ஒவ்வொன்றாகப் பிடிக்காமல் போவதைப் பற்றி எழுதியிருந்தது. மகள் பூங்குழலி கல்யாணமாகிப் போன பிறகு வாசலில் கோலம் போடுவதை எப்போது நிறுத்தினோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தாள்.

சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர் சாமிதுரை, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சுண்டலைத் தின்றுகொண்டே அவளைப் பார்த்தார்.

"ஏன்டி, குழுவுல போட்டது நெசமா?"

"சும்மா போட்டேன்."

"சும்மாவா இம்புட்டு நேரம் ஒரே பக்கத்தப் படிக்கிற?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். அவர் மேலே கேட்கவில்லை. சுண்டல் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சனிக்கிழமையிலிருந்து நூலகத்தில் ஒன்றிரண்டு மாற்றங்கள். இணையத்தில் பட்டியல் இருந்தது, ஆனால் 'இருக்கிறது', 'வெளியே போயிருக்கிறது' என்று இரண்டே வார்த்தை. புத்தகம் கேட்பதற்கு ஒரு படிவம் போட்டாள். அதில் பெயர் கேட்கவில்லை. வேண்டுகிறவர் தானே ஓர் எண் வைத்துக்கொண்டால் போதும், அந்த எண்ணை எழுதிய உறையில் புத்தகம் காத்திருக்கும். கலையரசனிடம் கேட்டுக் கேட்டு மூன்று நாள் முட்டி மோதி அதைச் செய்தாள். முதல் வாரம் நாலு கோரிக்கை வந்தது. இரண்டு பேர் சர்க்கரை நோய். ஒருவர் கவிதை. ஒருவர் கோழி வளர்ப்பு.

அதற்கடுத்த வியாழக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். முகத்திரையை ஏற்றிக்கொண்டே குல்சும் உள்ளே வந்தாள். மலர்க்கொடி எழுந்திருக்கப் போனாள், பிறகு உட்கார்ந்தே இருந்தாள். உறுப்பினர் அட்டையை ரத்து செய்யவில்லை என்று இருவருக்கும் தெரியும். போவாதே என்று சொன்ன ஆளிடம் இவள் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று தெரியாது. மலர்க்கொடி கேட்கவில்லை.

குல்சும் அலமாரிகளைச் சுற்றி வந்தாள். ஒரு நாவலை எடுத்து, புரட்டி, வைத்தாள். கடைசியில் மேசைக்கு வந்தாள்.

"அந்த மஞ்ச அட்டைப் புக்கு இருக்காக்கா?"

"வெளியே போயிருக்கும்மா."

"யாருகிட்ட?"

"சொல்லக் கூடாது."

குல்சும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேசையோரத்தில் மலர்க்கொடியின் கைப்பை திறந்து கிடந்தது. மஞ்சள் மூலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"அவுங்க எது வரைக்கும் படிச்சிருக்காங்க?"

"அஞ்சாவது அத்தியாயம்."

"அஞ்சாவதா? அது கொஞ்சம் கஷ்டமா இருக்கும். ஆறாவதுல சரியாயிடும்னு சொல்லுங்க," என்றாள் குல்சும். "மெதுவாப் படிக்கட்டும். அவசரமில்ல."

பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.