வெள்ளிக்கிழமைப் பாவங்கள்

பெட்டி வாசலில் சிக்கிக்கொண்டது.

"தலமாட்டத் தூக்குங்கய்யா. தூக்கி, கொஞ்சம் சாய்ங்க" என்று மாமனார் நல்லசாமி உள்ளேயிருந்து வழி சொன்னார். ஜெயசீலன் ஒரு மூலையைப் பிடித்திருந்தான். கை மரத்துக் கிடந்தது. விடிந்ததிலிருந்து உடம்பு முழுக்கவே அப்படித்தான். பெட்டி ஒரு வழியாக உள்ளே போனபோது, மேட்டுப் பாதையில் குஞ்சம்மாள் வருவதைப் பார்த்தான். கக்கத்தில் வேதப் புத்தகம். பின்னால் ஜெபக்குழுப் பெண்கள்.

"மாமா, அந்தம்மா சாட்சி சொல்லக் கூடாது."

"அது எப்பிடி மாப்ள? ஜெபக்குழுத் தலைவி அவங்கதானே?"

பேத்துப்பாறைச் சபையில் பெட்டியை மூடுமுன் நாலு பேர் எழுந்து, இறந்தவரைப் பற்றிச் சாட்சி சொல்வார்கள். ஜெபக்குழுத் தலைவிதான் முதலில் எழுவாள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி தமயந்திக்கு இருதயத்தில் வால்வு கெட்டிருந்தது. மதுரை டாக்டர் படம் போட்டு விளக்கினார். பி.எஸ்ஸி. படித்து உருளைக்கிழங்கு விதை ஆபீசில் வேலை பார்க்கும் ஜெயசீலனுக்கு அது புரிந்தது. குஞ்சம்மாளுக்கு வேறு விளக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வந்து கட்டிலருகே முழங்காலிட்டுக் கேட்பாள். "மறச்சு வச்ச பாவம் ஏதும் இருக்காம்மா? அறிக்கை பண்ணிரு. சுகம் தானா வரும்."

தமயந்தி யோசித்து யோசித்துச் சொல்வாள். ஒரு வெள்ளி, துரை பங்களாவில் பேரிக்காய் திருடியது. இன்னொரு வெள்ளி, பக்கத்து வீட்டிலிருந்து சீனி கேட்டு வந்தபோது டப்பாவை ஒளித்துவிட்டு இல்லை என்றது. ஊரே கண்ணை மூடி ஜெபிக்கையில் யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் குஞ்சம்மாள் கண்ணீர் விட்டு மன்றாடுவாள். அவர்கள் படி இறங்கியதும் தமயந்தி மூச்சு வாங்குமட்டும் சிரிப்பாள்.

"உனக்குக் கோபமே வராதா?"

"அவங்களுக்கும் ஒரு சோலி வேணுமில்ல? அடுத்த வெள்ளிக்கு நீங்க ஒரு பாவம் யோசிச்சு வைங்க. என்கிட்ட ஸ்டாக் தீந்துபோச்சு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி எப்படியோ அவனுக்குள்ளும் புகுந்திருந்தது. அவள் செய்யவில்லை என்றால், தான் என்ன செய்தோம்? அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வந்ததும் கொல்லைக்குப் போய்விடுவான். இன்று, அவள் பெட்டியில் கிடக்கும்போது, ஊரார் முன்னால் 'பாவம்' என்ற சொல் அவள்மேல் விழக்கூடாது.

போதகர் ஐயாவிடம் போனான். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "சாட்சியை நான் எப்படித் தம்பி தடுக்கிறது? ஒண்ணு செய்றேன். பேச்சு நீண்டா இருமுறேன்."

குஞ்சம்மாள் எழுந்தாள். வேதத்தைத் திறக்கவில்லை.

"இந்தப் பிள்ளகிட்ட வாரா வாரம் பாவத்தக் கேட்டேன்" என்று ஆரம்பித்தாள். ஐயா இருமினார். "ஐயா, சுக்கு வேணும்னா பெறகு தாரேன். செத்த இருங்க."

ஜெயசீலன் ஓரடி முன்னால் வந்தான்.

"மொதல்ல பேரிக்கான்னுச்சு. வீட்டுல போயி ஜெபத்துக்கு உக்காந்தா நாக்கு எழும்பல. அதே பங்களாவுல நான் மடி நெறையத் திருடியிருக்கேன். பிள்ள ஒண்ணே ஒண்ணுதான் எடுத்திருக்கு. அடுத்த வாரம் சீனி. என் வீட்டுல அன்னைக்கு ஒரு தூக்குச்சட்டி சீனி கெடந்துச்சு. கேட்டு வந்தது யாரு? இந்தா நிக்கிற தம்பிதான். இல்லைன்னு அனுப்பிட்டேன்."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"சேலையப் பாக்குற சோலியும் எனக்கு உண்டு. சின்னத்தாயி, ஈஸ்டருக்கு நீ கட்டுனது உன் நாத்தனா சேலதானே?"

"யக்கா!" என்றாள் சின்னத்தாயி. வீடு குலுங்கியது. ஐயாவின் இருமல் சிரிப்பாகிவிட்டது. ஜெயசீலனின் தொண்டையிலிருந்தும் ஏதோ சத்தம் வந்தது. மாமனார் பயந்துபோய் அவன் தோளைப் பிடித்தார். அது சிரிப்பு என்று தெரிந்ததும், பிடித்த கையை எடுக்காமல், "சிலோன் தேயிலத் தோட்டத்துல இருக்கையில எம்மக சிரிச்சா அடுத்த லயத்து வீடுகளுக்குக் கேக்கும் மாப்ள" என்றார்.

குஞ்சம்மாள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அது சொன்னது அம்புட்டையும் நானும் பண்ணியிருக்கேன். எனக்கு ஒரு தலவலி வந்ததில்ல. இது மூச்சுக்குத் தவிச்சுக் கெடக்கு. கணக்கு இடிக்குதே ஆண்டவரேன்னு கேட்டேன். அவரு வாயத் தொறக்கல. போன வெள்ளிக்கெழம நான் எதுவும் கேக்கல. என் பாவத்த அதுகிட்ட சொன்னேன். அது என் தலயில கைய வச்சு ஜெபம் பண்ணுச்சு. 'யக்கா, இதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு. விலை கேக்காம சும்மா வாங்கிக்கங்க'ன்னுச்சு." மூக்கைத் துடைத்தாள். "நான் கேட்டது தப்புக் கேள்வி. பிள்ள சிரிச்சுக்கிட்டே தாங்கிருச்சு. என் சாட்சி இதுதான்."

உட்கார்ந்துவிட்டாள். அடுத்து எழ வேண்டிய மூன்று பேரும் எழவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜெயசீலன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். உள்ளே யாரோ அழுவது கேட்டது. தமயந்திதான் என்று நினைத்து இன்னும் ஓங்கிப் பிளந்தான்.

பெட்டியைத் தூக்கினார்கள். "வெரசா நடங்கப்பா, மழ வருது" என்றார் யாரோ. மழை வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஐயா ஜெபித்தார். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். ஜெயசீலன் ஒரு பிடியோடு நிறுத்தவில்லை. குழி பாதி நிரம்பும்வரை குனிந்து கையாலேயே அள்ளி அள்ளித் தள்ளினான். யாரும் தடுக்கவில்லை.

வெளியே வந்தபோது வாசல் குழாயடியில் குஞ்சம்மாள் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் நகரப் போனவள், அவன் கைகளைப் பார்த்து நின்றாள்.

"இப்பிடியே வீட்டுக்குப் போவீங்களாக்கும்? நீட்டுங்க தம்பி."

நீட்டினான். குழாயைத் திறந்தாள். தண்ணீர் வெடவெடக்க வைத்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நகக்கண்ணில் ஏறியிருந்த மண்ணைத் தன் சேலைத் தலைப்பால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்து எடுத்தாள். ஒரு கை முடிந்தது. அவன் மற்றக் கையை நீட்டினான்.