எட்டு வித்தியாசம்

சக்கரபாணி இரண்டு கைக்கடிகாரங்களையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "எது அப்பாவோடது, சொல்லுங்கண்ணே பாப்போம்" என்றான். வாரப் பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லிப் படம் போடுவார்களே, அந்தக் குதூகலம் அவன் முகத்தில் இருந்தது.

எழிலரசனுக்கு லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. இடது பக்கம் இருந்தது சொல்தா சுப்பராயனுடையது. முதலியார்பேட்டையில் எழிலரசன் கடிகார ரிப்பேர்க் கடை போட்ட இந்தப் பதினெட்டு வருஷமும், வருஷத்துக்கு ஒரு தடவை அவர்தான் அதைக் கொண்டுவருவார். மூடியைத் திறந்து எண்ணெய் விட்டு மூடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பிரெஞ்சு விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர், பிரெஞ்சுப் படையில் இருந்து வந்தவர்களை ஊரில் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒரு பைலட் வேலையை விட்டுப் போகும்போது தன் கையிலிருந்து கழற்றி அவர் கையில் கட்டிவிட்ட கடிகாரம் அது. அந்தக் கதையை எழிலரசன் பதினெட்டு தடவை கேட்டிருக்கிறான். போன வாரம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பதும் அவனுக்குத் தெரியும்.

"இன்னொண்ணு ஏது?"

"வெளியூர்ல ஒருத்தன் போட்டோவ பாத்தே செஞ்சு அனுப்பிட்டான்ணே. எவ்ளோ கிட்ட வந்துருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

அப்பாவைப் போலத் தானும் ஒன்று கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று எழிலரசன் நினைத்துக்கொண்டான். அதோடு அவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டால் போதும், கடைக்கு வந்தவன் யார், எதற்குக் கேட்கிறான் என்பதெல்லாம் மறந்துபோகும். லென்ஸை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தான். அசலில் எண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பழுத்திருக்கும், நாலும் அஞ்சும் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கும். இதில் எல்லாம் ஒரே மஞ்சள். நிமிஷ முள் மயிரிழை குட்டை. அசலில் விநாடி முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப் பொத்தானை அழுத்தினால் அது பூஜ்யத்துக்குத் தாவி, நிற்காமல் அங்கிருந்தே மறுபடி ஓடும், விமானத்தில் இருப்பவனுக்கு நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஏது நேரம். இதிலும் தாவுகிறது, ஆனால் பொத்தான் மணலைக் கடித்த மாதிரி நெறுநெறுக்கிறது. பின்மூடியில் எழுத்து ஆழம் போதாது. சாவி கொடுக்கும் திருகு வழவழவென்று இருக்கிறது. இப்படியே ஏழு சொல்லிவிட்டு, எட்டாவதுக்கு அசலைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினான்.

"ஸ்ட்ராப் மாட்டுற இந்த இடுக்க பாரு. அம்பது வருஷத்து வேர்வையும் தோலும் சேந்து கல்லு மாதிரி நிக்குது. இது அசலுய்யா. இத எவனும் செஞ்சு அனுப்ப முடியாது."

சக்கரபாணி குனிந்து பார்த்தான். "அத ஊசியால சுரண்டி எடுத்து இதுல அப்பிட்டா என்னண்ணே?"

எழிலரசன் லென்ஸைக் கழற்றினான். "எதுக்கு?"

"அப்பா கண்டுபிடிக்கக் கூடாதுல்ல. பாரீசுல ஒருத்தர் பழச வெலைக்குக் கேட்டுக்கினே கீறாரு. அப்பாவுக்குக் கண்ணு தெளியறதுக்குள்ள இத கட்டிவுட்டுடணும்."

பெற்ற தகப்பன் உடம்பு அழுக்கை ஊசியில் வழித்து எடுக்க நினைக்கிறவன் எதிரில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழிலரசன் அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த செல்போனைக் கவனித்தான். அது ஆரம்பத்திலிருந்தே பதிவு செய்துகொண்டிருந்தது.

"ரெண்டையும் எடுத்துக்கினு கெளம்பு."

"கோவப்படாதீங்கண்ணே. எட்டு சொல்லிட்டீங்க, போதும். இந்த வீடியோவ அப்படியே செஞ்சவனுக்கு அனுப்பிட்டா சரிபண்ணிக் குடுத்துடுவான்."

அவன் போனபிறகு எழிலரசன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினான். சுப்பராயனுக்குப் போன் செய்யச் செல்லை எடுத்தான், வைத்தான். அது அவங்க வீட்டு விவகாரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது பொய். பிள்ளை உங்களை ஏமாற்றப் போகிறான் என்று சொன்னால், எப்படி ஏமாற்றுவது என்று நான்தான் வாய் வலிக்கப் பாடம் எடுத்தேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவனுக்குத் தைரியம் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளியே ஒன்றரை மாதம் போய்விட்டது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் சுப்பராயனே ஆட்டோவில் வந்து இறங்கினார். "போன்ழூர், எழிலு. புதுக் கண்ணு. இத்தினி வருஷமா உன்ன கறுப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன், அவ்ளோ மோசமில்ல நீ" என்று சிரித்தபடி வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். எழிலரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"எங்கிட்டயா? எதுக்குங்கய்யா?"

"சர்வீசு பண்ணி வந்துச்சின்னு பையன் கட்டிவுட்டான். இது என்னுது இல்லடா, எழிலு மாத்திட்டான்னு கத்திட்டேன். சத்தமே வேற மாதிரி தோணுச்சு. அவன் உடனே செல்லுல உன் குரல போட்டான். 'இது அசலுய்யா, இத எவனும் செஞ்சு அனுப்ப முடியாது'ன்னு நீயே சொல்ற. எனக்கு வெக்கமாப் போச்சு." அவர் குரல் தணிந்தது. "அப்பறம் டாக்டருகிட்ட இட்டுக்கினு போனான். மறதிக்கு மாத்திர குடுத்துருக்காங்க. சாப்புட்டா நாளெல்லாம் தூக்கம் தூக்கமா வருது. இன்னமும் காலையில சாவி குடுக்கறப்போ இது வேறதான்னு மனசு சொல்லுது. உடனே மாத்திரய போட்டுக்கறேன்."

எழிலரசனுக்குத் தன் தொண்டையைப் பிடுங்கி வெளியே எறிந்துவிடலாம் போல இருந்தது. சக்கரபாணியின்மேல் வந்த அருவருப்பெல்லாம் இத்தனை நாள் சொகுசாக இருந்திருக்கிறது. இப்போது அது தன்மேலேயே திரும்பியது.

"குடுங்கய்யா பாக்கறேன்" என்றான்.

அவர் கழற்றிக் கொடுத்தார். எண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பழுத்திருந்தன. பொத்தான் மெத்தென்று இறங்கியது. இடுக்கில் அழுக்கு இருந்தது. எட்டும் சரியாகியிருந்தன. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தவன் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தான். கடிகாரம் உட்கார்ந்திருந்த வட்டத்தில் தோல் தடித்து, பச்சையும் கறுப்புமாகப் படிந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

"தோலும் கெட்டுப்போச்சு பாரு" என்றார் சுப்பராயன், மறைக்கப் பார்த்துக்கொண்டே. "வயசாயிட்டா எல்லாம் ஒண்ணா வருது."

எழிலரசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்க தோலுக்கு ஒண்ணும் ஆவலீங்கய்யா."

"பின்ன?"

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வலிக்காமல் ஒற்றினான். பஞ்சில் பச்சை ஏறியது, மட்டமான உலோகத்தின் களிம்பு; அசல் எஃகு ஐம்பது வருஷத்தில் இந்தக் கையில் ஒரு கறை வைத்ததில்லை. இன்னொரு பஞ்சை எடுத்தான். சுப்பராயன் தன் புதுக் கண்களை அவன் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.