தானே புயல் தங்கிய பலகை

தஸ்னீமின் பலாப்பலகையிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. மேலே தாளை விரித்தால் பறந்தது. ஓரங்களில் கல் வைத்தால் நடுவில் உப்பியது. கடலூர் செம்மண்டலத்து ஓவிய ஆசிரியையான அவளுக்கு மரம் செதுக்கத் தெரியும், காற்றை நிறுத்தத் தெரியவில்லை. திங்கட்கிழமை சிதம்பரத்தில் அவளுடைய முதல் கண்காட்சி. மூன்று மாதம் செதுக்கிய பலகை இது ஒன்றுதான். இன்னும் ஒரு படம்கூட அச்சாகவில்லை.

காற்று எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்த மரம் அது. மேல்பட்டாம்பாக்கத்துத் தச்சர் அய்யனார் அதை அறுத்துப் பட்டறையில் வைத்திருந்தார். கோடையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அவரிடம்தான் தஸ்னீம் பலகையை வாங்கினாள். படத்துக்கான யோசனை ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே ஒரு காலத்தில் நிலநடுக்கம் வந்த சில நாட்களிலேயே மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட படங்கள் தெருவில் விற்றன. அந்தப் படங்களில், பூமிக்கடியில் புரண்டு நிலத்தை உலுக்கியதாக நம்பப்பட்ட கெளுத்தி மீனை ஜனங்கள் அடிப்பார்கள்; வீடு கட்டும் வேலை கிடைத்த தச்சர்களோ அதற்கு விருந்து வைப்பார்கள். தஸ்னீம் புயலைக் கெளுத்தியாக்கினாள். அது கடலிலிருந்து தலை நீட்டி, ஒரு வீட்டு வாசலுக்குள் ஊதியது. பக்கத்தில் ஒரு தச்சர் அதற்கு இலை போட்டுப் பரிமாறினார்.

பலகையை அய்யனாரிடம் எடுத்துப்போனாள்.

"விருந்து வைக்கிற ஆளு என்னாட்டமே இருக்காரே டீச்சர்."

"நீங்கதாண்ணே. புயலுக்கப்பறம் வேல ஜாஸ்தின்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். அதுக்காவ செதுக்கியா வைப்பாங்க? ஊருல என்னை அடிக்கிறதுக்கா?"

காற்றை அடக்க அவர் பட்டறையின் இரண்டு கதவுகளையும் சாத்தினார். உள்ளே மரத்தூள் சுழன்றது, அவருடைய லுங்கி முகத்துக்கு ஏறியது. தட்டுத்தடுமாறிப் பின்கதவைத் திறந்தார். தூள் அத்தனையும் ஒரே கோடாகக் கரும்புக் கொல்லைப் பக்கம் போய்விட்டது.

தஸ்னீம் பின்கதவைப் பார்த்தாள், பிறகு பலகையைப் பார்த்தாள். அவள் செதுக்கிய வீட்டுக்கு வாசல் மட்டுமே இருந்தது. மீன் ஊதிய காற்று உள்ளே போய், வெளியேற வழியில்லாமல் தாளின் மேல் எழும்பியது.

வெட்டிய மரம் ஒட்டாது. இருந்தும் வீட்டின் மேற்குச் சுவரில் உளியை வைத்து விரலகலத்துக்கு ஒரு ஜன்னல் எடுத்தாள். மையைத் தடவி, ஈரத்தாளை விரித்தாள். தாள் படுத்தது. கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தபோது மீன், வீடு, அய்யனார் எல்லாரும் வந்திருந்தார்கள்.

நாற்பது படங்கள் திங்கட்கிழமை சிதம்பரம் பஸ் ஏறின. வாங்கிய வீடுகளில் சித்திரை மாதத்திலும் மின்விசிறி ஓடுவதில்லை. காற்று வேண்டுபவர்கள் படத்தின் இடப்பக்கம் உட்கார வேண்டும். ஜன்னல் அங்கேதான் இருக்கிறது.