அந்தரவாசி

“லிஃப்ட்டுல ஆறு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு. நான் ஒரே ஒரு வார்த்தையில நானூறு பேரை ஏத்தி, அகராதிக்குள்ள கொண்டுபோய் இறக்கப் போறேன். பாத்துக்கிட்டே இருங்க சகலை!”

சின்ன சகலை இப்படிச் சொன்னபோது பெரிய சகலை குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. சொன்னவர் நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டவரோ முப்பத்தோரு வருடம் அகராதி அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். அக்காளைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். ஒரே கட்டடம், ஒன்பதாவது மாடி, எதிரெதிர் வீடு. ஒருவர் தும்மினால் மற்றவர் வீட்டுத் திரைச்சீலை ஆடும்.

“அப்படி என்ன வார்த்தையாம்?”

“அந்தரவாசி. தரையிலயும் இல்லாம வானத்துலயும் இல்லாம நடுவுல தொங்கிக்கிட்டு இருக்கோமே, நமக்குன்னு ஒரு பேர் வேண்டாமா?”

சொல் நன்றாக இருந்தது. அதைத்தான் பெரியவரால் தாங்க முடியவில்லை. தன் வேலைக் காலத்தில் அவரும் பதினான்கு புதுச் சொற்களை எழுதிக் கொடுத்தவர்தான். பதினான்கும் ஏதோ ஒரு மேசையின் அடி இழுப்பறையில் இன்றுவரை நிம்மதியாகத் தூங்குகின்றன.

“வாசின்னா லேசுப்பட்டதா சகலை? சந்தைக்கு வந்துட்டுப் போறவனை நகரவாசின்னு சொல்ல மாட்டோம். காட்டுல ரெண்டு நாள் கூடாரம் போட்டவன் வனவாசி ஆயிட மாட்டான். அந்த இடம் அவனைப் பிடிச்சு வச்சுக்கணும். அப்பத்தான் வாசி. அந்தரம் யாரைப் பிடிச்சு வைக்கும்? ‘குடியிருப்போர்’னு லட்சணமா ஒரு வார்த்தை இருக்கே, அது போதாதா?”

“அது நோட்டீஸ் ஒட்டறதுக்கான வார்த்தை சகலை. ‘குடியிருப்போர் கவனத்திற்கு’ன்னு பாத்ததுமே, நாளைக்குத் தண்ணி வராதுன்னு ஜனங்க பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு ஓடறாங்க. அதைச் சொல்லி யாராவது யாரையாவது ஆசையா கூப்பிட்டிருக்காங்களா?”

சமையலறையிலிருந்து பெரியவரின் மனைவி சிரித்தாள். “தம்பி சொல்றது சரிதாங்க!”

அந்த நிமிடம் பெரியவரின் வயிற்றில் பற்றிய தீயில் ஒன்பது மாடிக்கும் வெந்நீர் போட்டிருக்கலாம். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் தான் சொன்ன ஒன்றுக்குக்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனாலும் அவருக்கு ஒரு தெம்பு இருந்தது. அகராதி அலுவலகத்தின் விதி கடுமையானது. ஒரு புதுச் சொல் உள்ளே போக மூன்று சீட்டுகள் வேண்டும். மூன்று வெவ்வேறு பேர், யாரும் தூண்டாமல், தங்கள் பேச்சில் தாமாக அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவரே சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உருவாக்கியவர் சொன்னால் கணக்கில்லை. அந்த விதியை எழுதியதே பெரியவர்தான்!

சின்னவரிடம் இரண்டு சீட்டு சேர்ந்துவிட்டது. ஐந்தாம் மாடிப் பல் மருத்துவர் ஒரு நோயாளியிடம் சொன்னது ஒன்று. பேப்பர் போடும் அம்மா மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்து சொன்னது இன்னொன்று. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அகராதியின் ஆசிரியரம்மா தரைத்தளத்துக்கு நேரில் வந்து கடைசிச் சீட்டுகளை வாங்கிக்கொள்வார். அதோடு புதுப் பதிப்பின் கதவு சாத்தப்படும்.

“மூணாவது சீட்டு எங்கேருந்து வருதுன்னு பாக்கறேன்” என்று கிளம்பினார் பெரியவர். செவ்வாய் காலையில் ஒரு மடக்கு நாற்காலியோடு லிஃப்ட்டுக்குள் போய் உட்கார்ந்தவர், வியாழன் சாயங்காலம்வரை சாப்பிடவும் தூங்கவும் மட்டுமே இறங்கினார். மேலும் கீழுமாக ஆயிரத்து இருநூறு தடவை போயிருப்பார். ஒன்று கூடலாம், குறைய வாய்ப்பில்லை. யாராவது “அந்த...” என்று வாயைத் திறந்தாலே, “குடியிருப்போர்னு சொல்லுங்க!” என்று பாய்ந்தார். பாவம், அந்த மனிதர் அந்தக் குடையை எடுங்கள் என்று சொல்ல வந்திருப்பார். தொல்லை தாங்காமல் ஜனங்கள் படியேறத் தொடங்கினார்கள். ஆறாம் மாடி அத்தை ஒருவர் மூன்றே நாளில் பாதியாகிவிட்டார்.

இப்படி ஓயாமல் ஓட்டினால் எந்த இயந்திரம் தாங்கும்? வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு, சின்னவரின் முகம் தொங்குவதைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு இறங்கிய பெரியவரோடு லிஃப்ட் ஐந்துக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுபோனது. கதவு ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் மாட்டேன் என்றது. அண்ணாந்து பார்த்தால் ஐந்தாம் மாடித் தரை. அதன் விளிம்பில் வரிசையாகச் செருப்புகள்.

“சகலை, பயப்படாதீங்க. மோட்டார் சூடாயிருச்சு. ஆற விடணும்” என்றது ஒரு ஜோடிச் செருப்பு.

“நீங்கதான் நிறுத்தி வச்சீங்களா?”

“ஐயையோ, நான் உங்க மாதிரி லிஃப்ட்டுல குடித்தனமா நடத்தினேன்?”

மேலே ஒரே சிரிப்பு. அதில் தன் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது பெரியவருக்கு. வியர்வை வழிந்தது. உட்கார நாற்காலிகூட இல்லை. பத்து நிமிடம் ஓடியது.

தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர் வேடிக்கை பார்க்க ஏறி வந்து, குனிந்து எட்டிப் பார்த்தார். “என்ன சார், கொஞ்ச நேரம் சும்மா நின்னா என்ன குறைஞ்சா போயிடும்? நாங்கல்லாம் லிஃப்ட்டே இல்லாம நல்லாத்தானே இருக்கோம்?”

மூன்று நாள் எரிச்சலையும் சேர்த்துக் கத்தினார் பெரியவர்.

“தரையில காலை நீட்டி உக்காந்துக்கிட்டு நீ பேசுவய்யா, பேசுவே! மேல போக முடியாம, கீழ வர முடியாம ஒரு அந்தரவாசி படற பாடு உனக்கு என்ன தெரியும்?”

 மேலே பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. விளிம்பில் ஒரு புதிய ஜோடிச் செருப்பு. படியேறி வந்த ஆசிரியரம்மா.

“சார், இப்ப என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொன்னாரும்மா, என் மூஞ்சிக்கு நேராவே சொன்னார்” என்றார் தையல்காரர்.

“அவர் கேட்டது போதாது. சொன்னவங்க ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் சீட்டு. சார் எழுதின விதிதானே?” ஆசிரியரம்மா குனிந்து, சீட்டையும் பேனாவையும் இடுக்கு வழியாக நீட்டினார். “நீங்க சொல்லலைன்னா சொல்லுங்க. இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்.”

பெரியவர் சீட்டை வாங்கினார். கிழித்தால் கதை முடிந்தது. வார்த்தை போகும், சகலையின் ஜம்பம் போகும், இனித் தேநீர் நேரப் பேச்சில் ஜெயிப்பவர் அவர்தான். ஆனால் பாழாய்ப்போன கண், பழக்கதோஷத்தில் சீட்டைப் படித்துத் தொலைத்தது. ‘பொருள்: உயரமான மாடியில் குடியிருப்பவர்’ என்று இருந்தது. பொருள் குறைவாக இருப்பதாக அவருக்குப் பட்டது. ‘இறங்க நினைத்தும் இறங்க முடியாதவர்’ என்று கீழே சேர்த்தார். பொய்ச்சீட்டு ஒன்றையும் அவர் விட்டதில்லை. உண்மைச் சீட்டு ஒன்றையும் தள்ளியதில்லை. அதில்தான் அவருக்கு இருந்த ஒரே கர்வம்.

“யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா சார்? உங்க சகலை தூண்டிவிட்டாரா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. மேலே மனைவியின் செருப்பு விளிம்புக்கு ஓரடி முன்னால் வந்தது.

“தூண்டறதா? மூணு நாளா அதைக் கொல்லத்தான் பாத்தேன்” என்றார் பெரியவர், சீட்டைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டபடி. “அந்த நேரத்துக்கு எனக்கு வேற வார்த்தையே வரலம்மா. நான்தான் சொன்னேன்.”