ஏழு வரைக்கும் எண்ணு

என் கைக்கு எடை தெரியும். பார்சல் கவுன்ட்டர்ல பதினாலு வருஷம் உக்காந்தவ நான். பெட்டியைத் தூக்கின உடனே ரெண்டே கால் கிலோன்னு சொல்லிடுவேன், தராசு அப்புறமா வந்து ஆமாம் போடும். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. தவளை தன் வாயால கெடும்னு என்னை மாதிரி ஒருத்தியைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாங்க.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். லீவு நாள் வந்தா அட்டைக் குழாயும் பசையுமா உக்காந்து ராக்கெட் செய்வார். எவ்வளவு உசரம் போகும், எந்த மோட்டார் போடணும்னு கணக்குப் போடறது நான். அவரோட தங்கச்சி, குருவின்னு நாங்க கூப்பிடற என் நாத்தனார், மைதானத்துல நூறு மீட்டர் தள்ளி நின்னு ராக்கெட் உச்சியில எந்தக் கோணத்துல இருக்குன்னு கோணமானியில பார்ப்பா, அதை வச்சு உசரம் தெரியும். நான் சொன்ன உசரமும் அவ அளந்த உசரமும் ஒத்துப்போச்சுன்னா அன்னைக்கு என்னை யாரும் கையில பிடிக்க முடியாது.

கணக்குல முக்கியமானது டிலே. மோட்டார்ல மருந்து எரிஞ்சு அணைஞ்சதும் ராக்கெட் அந்த வேகத்துலயே இன்னும் மேல போகும். அந்த நேரத்துல உள்ள ஒரு திரி மெதுவா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அது எரியற நேரம்தான் டிலே. திரி முடிஞ்சா ஒரு சின்ன வெடி, அது பாராசூட்டை வெளிய தள்ளும். உச்சிக்குப் போய் ஒரு கணம் நிக்கும் பாருங்க, அப்ப தள்ளணும். லேட்டா தள்ளினா மூக்குக் கீழ பார்க்கத் தலைகீழா வரும், கீழ யார் நிக்கறாங்கன்னு அது பார்க்காது. கடையில நாலு நொடி, ஏழு நொடி, பத்து நொடின்னு மோட்டார் கிடைக்கும். எது வேணும்னு ராக்கெட்டோட எடைதான் சொல்லணும்.

புது ராக்கெட் என் இடுப்பு உசரம். சமையல்கட்டுத் தராசுல முழுசா நிக்காது. அதனால ரெண்டு பாதியா கழட்டி வச்சேன். மேல் பாதியை வச்சேன், பட்டனைத் தட்டினேன், பக்கத்துலயே கீழ் பாதியையும் வச்சேன். தொள்ளாயிரத்து நாப்பது கிராம்னு காட்டுச்சு, எழுதிக்கிட்டேன்.

"அவ்வளவுதானா? மூக்குல ஈயம் வேற வச்சிருக்கேனே. இன்னொரு தடவை போட்டுப் பாரேன்," அப்படின்னார் அவர்.

"எடை போடறதை எனக்கே சொல்லித் தர்றீங்களா? நீங்க போய் வயரைப் பாருங்க," அப்படின்னேன். மனுஷன் வயரைப் பார்க்கப் போயிட்டார். இருநூத்தி எண்பது மீட்டர் உசரம், ஏழு நொடி டிலேன்னு நோட்டுல எழுதி அடியில ரெண்டு கோடும் போட்டேன்.

மறுநாள் காலையில மைதானம். காத்து கொஞ்சம் அதிகம்தான். ராக்கெட்டைக் கிளப்பற பட்டனை அமுக்கற பொறுப்பு எங்க ராக்கெட் கிளப்புல இருக்கற பல் டாக்டருக்கு. பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி எண்ணற அதே குரல்ல எண்ணுவார்.

குருவி கோணமானியைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, காத்து வர்ற பக்கமா தன் இடத்துக்குக் கிளம்பினா. நான்தான் சொல்லி அனுப்பினேன்: "நெருப்பு அணைஞ்சதும் எண்ண ஆரம்பி. ஏழுல பாராசூட் விரியும், அந்த இடத்தோட கோணம்தான் நமக்கு வேணும். ஏழு வரைக்கும் எண்ணு, அது வரைக்கும் கண்ணை எடுக்காத, நகராத."

"சரி அண்ணி," அப்படின்னுட்டு நடந்தா.

என் வீட்டுக்காரர் ராக்கெட்டைத் தூக்கிட்டு வந்தார். வழியில ஷூ கயிறு அவுந்துபோச்சு. "ஒரு நிமிஷம் பிடி"ன்னு என் கையில குடுத்துட்டுக் குனிஞ்சார்.

ரெண்டு கிலோ. என் கை உடனே சொல்லிடுச்சு, ரெண்டு கிலோவுக்கு மயிரிழை குறைவு.

மோட்டார் போட்டிருக்கு, அதான்னு சொல்லிக்கிட்டேன். மோட்டார் நூத்தி இருபது கிராம், அது எனக்குத் தெரியாதா? டாக்டர் மேஜையில கொக்கித் தராசு தொங்குது, மாட்டிப் பார்த்தா அரை நிமிஷ வேலை. ஆனா மாட்டினா இவர் நிமிர்ந்து பார்ப்பார், நேத்து நான் பேசின பேச்சு அத்தனையும் என் மூஞ்சிக்கே திரும்பி வரும். "கனமா இல்ல?"ன்னு அவரே கேட்டார். "வெயில்ல நின்னா எல்லாம் கனம்தான்," அப்படின்னு சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடுத்தேன். சிரிச்சேன்னு இப்ப நினைச்சாலும் எனக்கு உடம்பு கூசுது.

மண்ணுல நட்டு வச்ச கம்பியில ராக்கெட்டை மாட்டி வயர் குடுத்துட்டு மேஜைக்குத் திரும்பினோம். டாக்டர் எண்ண ஆரம்பிச்சார்.

அஞ்சு.

என் விரல் தானா மேஜையைத் தட்டுச்சு, கவுன்ட்டர்ல தட்டற மாதிரி. கவுன்ட்டர் தராசுல ஒண்ணை வச்சுப் பட்டனைத் தட்டினா அதைக் கணக்குல சேர்த்துக்கும். அடுத்ததை வச்சா மொத்தத்தைக் காட்டும். பதினாலு வருஷப் பழக்கம். வீட்டுத் தராசு சேர்க்காது. தட்டினா பழசை மறந்துட்டு, அப்புறம் வச்சதை மட்டும்தான் காட்டும்.

நான் எழுதினது பாதி ராக்கெட்டோட எடை.

நிறுத்துங்கன்னு கத்தணும், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ரெண்டுன்னார். நான் டாக்டர் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், அதுக்குள்ள பட்டன் அமுங்கிடுச்சு.

எப்பவும் ராக்கெட் கண்ணு சிமிட்டறதுக்குள்ள போயிடும். இது சோம்பேறியா எழுந்துச்சு. கம்பியை விட்டதும் காத்துப் பக்கம் மூக்கைத் திருப்பிச்சு. காத்துப் பக்கம்தான் குருவி. கொஞ்ச உசரம்தான், ஒரு தென்னை, அது மேல இன்னொரு தென்னை. நெருப்பு அணைஞ்சது.

ஒண்ணு. நான் ஓட ஆரம்பிச்சேன். "குருவி, ஓடு! ஓடுடி!" எதிர்க்காத்து என் குரலை என் வாய்க்குள்ளயே திணிச்சது.

ரெண்டு, மூணு. மேல வளைஞ்சு கீழ பார்த்துடுச்சு. அவ கோணமானியைக் கண்ணுல வச்சபடி கொஞ்சம் கொஞ்சமாத் தலையைத் திருப்பறா. ராக்கெட் தன்னைப் பார்த்து வர்றதை அவ பார்த்துக்கிட்டுத்தான் நிக்கறா. அவ உதடு அசையுது, எண்ணறா. நகராதன்னு சொன்னவ நான். கடவுளே, என் மேல விழட்டும்னு வேண்டினேன், பொய் சொல்லல.

அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல அது விழுந்துச்சு. கடப்பாறையை இறக்கின சத்தம். புழுதியில அவளைக் காணோம்.

அப்புறம் மண்ணுக்குள்ள இருந்து டப்புன்னு ஒரு சத்தம். ஏழு.

புழுதி அடங்கினப்ப குருவி நின்ன இடத்துலயே நின்னா. ரெண்டு எட்டு தள்ளி ராக்கெட் பாதிக்கு மேல மண்ணுக்குள்ள. உடைஞ்ச குழாய் வழியா பாராசூட் துணி பிதுங்கிக் கிடந்துச்சு. அவ முகம் வெள்ளையா இருந்தது.

"சரியா ஏழுல வெடிச்சது, அண்ணி," அப்படின்னா. "ஏழுல விரிஞ்சுடும்னுதான் நின்னேன்."

அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவரும் டாக்டரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாங்க. டாக்டர் பார்த்துட்டு, "மோட்டார் கோளாறு. பாதி வேகம்கூட வரலையே. நான் அப்படியே எழுதிடறேன்," அப்படின்னார். அவரும் தலையாட்டினார். தப்பிச்சுப் போறதுக்கு வாசல் திறந்தே இருந்துச்சு. ஒரு மூச்சு நேரம் நான் அந்த வாசலைப் பார்த்தேன்.

"மோட்டார் இல்ல," அப்படின்னேன். "நான் பாதி எடைதான் எழுதினேன். என் தப்பு."

அவர் என்னைத் திட்டுவார்னு நினைச்சேன், அவர் தங்கச்சி தோள்ல ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கிட்டு இருந்தார்.

குருவிதான் கேட்டா. "எப்ப தெரிஞ்சுது, அண்ணி?"

பொய் வரல. "அண்ணன் ஷூ கட்டறப்ப கையில வாங்கினேன். என் கைக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு."

"அப்ப நான் நடந்து போயிட்டுத்தான் இருந்தேன்," அப்படின்னா. "கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்."

கோபமே இல்லாம சொன்னா. கழுத்துல இருந்து கோணமானியைக் கழட்டினா, என் கழுத்துல மாட்டி, கயிறைச் சரியாக்கி விட்டா.

"அடுத்த தடவை நீங்க இங்க நில்லுங்க, அண்ணி."